கோயமுத்தூர்லயே இருந்துட்டு வருஷத்துக்கு ரெண்டு படம்… நடக்கற கதைங்களா?

ஆடிக்காத்து:

வணக்கம்ங்க. இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போற ஆளு நானு, இன்னைக்குத்தான் எழுதறேன். நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

நாங்க நாலு பேரு. கல்யாண வீடியோ, காலேஜ் அட்மிஷன் வீடியோ, பம்புசெட் கம்பெனிக்கு விளம்பரம், இதான் பொழப்பு. காந்திபுரத்துல ஒரு மாடி ரூம்ல எடிட்டிங் போட்டிருக்கோம். போன ஆடி மாசம் முகூர்த்தம் ஒண்ணும் இல்ல, கேமரா சும்மாதான கெடக்குதுன்னு ஒரு முழுநீளப் படமே எடுத்துப்போட்டோம். 98 நிமிஷம். 19 நாள் ஷூட்டு. சோமனூர்ல தறி ஓட்டற ஒரு அப்பன், காலேஜ நிறுத்திப்போட்டு அதே தறிக்கு வந்து நிக்கற மக, அவ்வளவுதான் கதை. கைக்காசு 11 லட்சம் போச்சுங்க. அதுல பாதி நகைக்கடன், பாதி நண்பனோட மாமனாரு.

படம் முடிச்சாச்சு, சென்சாரும் வாங்கியாச்சு. அதுலயே ஒரு கூத்து நடந்துச்சு. டீக்கடை சீன்ல ஒரு தெருநாய் குறுக்க போகுது. நாங்க கூப்புடவே இல்லீங்க, அதுவா வந்துச்சு, கேமராவ ஒரு பார்வை பாத்துச்சு, போயிருச்சு. எங்க டைரக்டருக்கு அது சாமி குடுத்த ஷாட்டு. ஆனா படத்துல விலங்கு வந்தா அதுக்குத் தனியா அனுமதி, சான்றிதழ் எல்லாம் வேணும்னு எங்க யாருக்கும் தெரியல, தப்பு எங்க மேலதான். கடைசில நாய வெட்டி எறிஞ்சுட்டு மறுபடியும் சவுண்டு மிக்ஸ் பண்ண சென்னைக்கு ரெண்டு தடவ போயிட்டு வந்தோம்.

தியேட்டர் கதை அதுக்கு மேல. உள்ளூர்ல ஒரே ஒரு தியேட்டர்ல காலைல 11 மணி ஷோ குடுத்தாங்க, நாலு நாளைக்கு. மொத நாள் 61 பேரு, அதுல 50 பேரு சொந்தக்காரங்க. ரெண்டாவது நாள் 9 பேரு. மூணாவது நாள் ஷோவே இல்ல, பெரிய படத்துக்கு ஸ்கிரீன் போயிருச்சு. ஓடிடி பக்கம் பேசினா “தியேட்டர்ல என்ன பண்ணுச்சு?”ன்னு கேக்கறாங்க. தியேட்டர்ல கேட்டா “ஓடிடி வாங்கிருச்சா?”ங்கறாங்க.

இப்ப எல்லாரும் சொல்றது, சென்னைக்குப் போயிரு தம்பி, வளசரவாக்கத்துல ரூம் எடு. எனக்கு அதுல இஷ்டம் இல்லீங்க. வீடு இங்க, அப்பா அம்மா இங்க, கதையும் இங்கதான் இருக்குது. நான் கேக்கறது ஒரு படத்த எப்படி வித்துத் தப்பிக்கறதுன்னு இல்ல. இந்த ஊர்ல எங்கள மாதிரி ஒரு பத்து யூனிட்டாவது இருக்கும், ஆளுக்கொரு குறும்படம், ஒரு படம் எடுத்துட்டு அப்படியே கல்யாண ஆல்பத்துக்குப் போயிருவாங்க. ரெண்டாவது படம் எடுத்தவன நான் பாத்ததே இல்ல. இங்கயே இருந்து தொடர்ந்து படம் எடுக்கற மாதிரி ஒரு தொழிலா இத நிக்க வைக்க முடியுங்களா? ஒரு காலத்துல இங்க ஸ்டுடியோ எல்லாம் இருந்துச்சுன்னு சொல்றாங்களே, அது எப்படி ஓடுச்சு, ஏன் போச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் சரிங்க.

பழைய_ஆபரேட்டர்:

தம்பி, நான் 31 வருஷம் தியேட்டர் ப்ரொஜெக்டர் கேபின்ல நின்னவன். ப்ரொஜெக்டர் வெளிச்சத்துக்கு கார்பன் குச்சி எரிச்ச காலத்துல உள்ள போனேன், ஹார்ட் டிஸ்க் வந்தப்புறம் வெளிய வந்தேன். அதனால ஸ்டுடியோவ விட்டுப்போட்டு தியேட்டர்ல இருந்து ஆரம்பிக்கறேன்.

வெரைட்டி ஹால் ரோடுன்னு தெனமும் சொல்றோமே, அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சு? சாமிக்கண்ணு வின்சென்ட்டுன்னு ஒருத்தரு, திருச்சில ரயில்வே கிளார்க்கு. 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட ப்ரொஜெக்டரும் கொஞ்சம் பிலிமும் வாங்கிக்கிட்டு, வேலைய விட்டுட்டு, டென்ட்ட தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போனாரு. அப்புறம் 1914ல இங்க வந்து வெரைட்டி ஹால்னு தியேட்டர் கட்டினாரு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, ஆனா பாதி பேரு விட்டுப்போடற விஷயம் என்னன்னா அவரு சினிமாவ மட்டும் நம்பி இருக்கல. கரண்ட்டுல ஓடற அச்சாபீஸ் வெச்சிருந்தாரு, அரிசி மில்லு வெச்சிருந்தாரு. படம் காட்டறது அவருக்குப் பல தொழில்ல ஒண்ணு. நீ பம்புசெட் விளம்பரம் எடுக்கறத என்னமோ கொறச்சலா எழுதியிருக்க. அது ஒண்ணும் கொறச்சல் இல்ல கண்ணு, அதான் உன் அரிசி மில்லு.

அடுத்து ஸ்டுடியோ. சிங்காநல்லூர்ல சென்ட்ரல் ஸ்டுடியோ 1930கள்லயே வந்துருச்சு. பின்னாடி ஸ்ரீராமுலு நாயுடுவோட பட்சிராஜா. எம்ஜிஆர் மொத மொதலா ஹீரோவா நடிச்ச ராஜகுமாரி, 1947ல வந்தது, ஜூபிடர் கம்பெனி அத சென்ட்ரல்லதான் எடுத்தாங்க. கலைஞரு அதுக்கு வசனம் எழுத இங்க வந்து குடியிருந்தாரு. 1954ல மலைக்கள்ளன் பட்சிராஜாவோடது. பக்கத்துல சேலத்துல டி.ஆர். சுந்தரம் 1935ல ஆரம்பிச்ச மாடர்ன் தியேட்டர்ஸ், நூறு படத்துக்கு மேல எடுத்த எடம். மலையாளத்துல மொத பேசும்படம் பாலன், 1938, அதுகூட சேலத்துலதான் எடுத்தாங்க.

அது எப்படி ஓடுச்சுன்னா, ஒரே காம்பவுண்டுக்குள்ள எல்லாம் இருந்துச்சு. ஆளுகளுக்கு மாசச் சம்பளம். நடிகர், தச்சர், தையக்காரர், சமையல்காரர் எல்லாரும் சம்பளத்துக்கு இருந்தவங்க, மில்லுல ஷிப்ட்டுக்குப் போற மாதிரி. சைரன் அடிச்சா உள்ள போகணும். எப்ப நடிகரு பெரிய ஆளாகி கால்ஷீட்டுன்னு ஒண்ணு வந்துச்சோ, அவங்க எல்லாரும் மெட்ராஸ்ல இருந்தாங்களோ, பிலிம் கழுவற லேபு, பாட்டு ரெக்கார்டிங் எல்லாம் கோடம்பாக்கத்துலயே கெடச்சுதோ, அப்ப இந்த ஊர்ல படம் எடுக்க வேண்டிய அவசியம் போயிருச்சு. ஜூபிடரே மெட்ராஸுக்குப் போயிட்டாங்களே.

உன்கிட்ட ஸ்டாரு இல்ல, அதனால அந்தக் காரணம் உனக்குப் பொருந்தாது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் உனக்கு இருக்கற ஒரே நல்ல விஷயமும் அதான்.

இன்னொண்ணு. பிலிம் பொட்டி வந்த காலத்துல பொட்டி வந்துட்டா படம் ஓட்டிரலாம். இப்ப ஹார்ட் டிஸ்க்ல இருக்கற படத்தத் திறக்க கீ, அதாவது ஒரு டிஜிட்டல் சாவி வரணும். எந்த தேதி, எத்தன மணிக்குன்னு குறிச்சுதான் கீ அனுப்புவாங்க. ஒருக்கா உன்ன மாதிரி சின்னப் பசங்க படம், 11 மணி ஷோ, கீ 11:30ல இருந்துதான் திறக்கற மாதிரி தப்பாப் போட்டு வந்துருச்சு. உள்ள நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. நான் பழைய விளம்பர சிலைடு, பாட்டுன்னு அரை மணி நேரம் ஓட்டினேன். அந்த டைரக்டர் பையன் கேபின் வாசல்ல நின்னுட்டு நகத்தக் கடிச்சது இன்னும் கண்ணுக்குள்ள இருக்குது. அவனும் அதுக்கப்புறம் படம் எடுக்கல.

கணக்கு_வழக்கு:

நான் கணக்கு எழுதறவன், சினிமா தெரியாது. ஆனா பதிவப் படிச்சதும் கை அரிக்குது.

11 லட்சம்ங்கறீங்க. 100 ரூபா டிக்கெட்டுன்னு வெச்சுக்குங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து 100 ரூபா வரைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதுக்கு மேல போனா 18. அது போக உள்ளாட்சிக்கு கேளிக்கை வரி. மிச்சத்துல தியேட்டர்காரரோட பங்கு பாதின்னு போட்டாலும் உங்க கைக்கு ஒரு சீட்டுக்கு 45 ரூபா வந்தாப் பெருசு. அப்ப 11 லட்சம் திரும்ப வர 24,000 பேருக்கு மேல படம் பாக்கணும். தியேட்டர்ல படத்தப் போட டிஜிட்டல் கம்பெனிக்கு வாராவாரம் கட்டறது, போஸ்டர், அத ஒட்டறவர் கூலி எதையும் நான் இன்னும் கழிக்கவே இல்ல. நீங்க வரவெச்சது 70 பேரு.

இதவிட பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. நாலு பேரு 19 நாள் ஷூட்டு, அப்புறம் எடிட்டிங் எத்தன மாசமோ. அதே நாட்கள்ல கல்யாண வேலை பாத்திருந்தா எவ்வளவு பில்லு போட்டிருப்பீங்க? கேமராவ வெளிய வாடகைக்கு விட்டிருந்தா? அத எழுதிப் பாருங்க, 11 ரெண்டு மடங்கு ஆகும். அதாவது இந்தப் படத்துக்குப் பெரிய முதலாளி நகைக்கடனும் இல்ல, நண்பனோட மாமனாரும் இல்ல, நீங்க நாலு பேரும்தான். அந்த முதலாளிக்கு நோட்டுல பேரே இல்ல! ரெண்டாவது படம் எவனும் எடுக்கறதில்லன்னு கேட்டீங்களே, பதில் இதான். மொத படத்துல கூலிய எழுதாம எடுத்துடறாங்க, அடுத்த படத்துக்கு அதே கூலிய எழுதாமக் குடுக்க தெம்பு இருக்காது, அதுக்குள்ள ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆயிரும்.

ஊர்ல காசு திரட்டறதப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா அடுத்து யாராவது க்ரவுட் ஃபண்டிங்னு வருவாங்க. கன்னடத்துல பவன் குமார் லூசியா எடுத்தப்ப, 2013ல வந்த படம், நூறு பேருக்கு மேல சேர்ந்து 50 லட்சத்துக்கு மேல போட்டாங்க, ஒரு மாசத்துக்குள்ள. நல்ல விஷயம். ஆனா அவரு அதுக்கு முன்னாடியே இண்டஸ்ட்ரில தெரிஞ்ச முகம், ஏற்கனவே ஒரு படம் பண்ணவரு. நம்ம ஊர்ல பலரும் பண்றது என்னன்னா, ஏலச்சீட்டு மாதிரி இருபது பேர்கிட்ட நோட்டுல எழுதி வாங்கறது. சீட்டுக்கே 1982லருந்து சட்டம் இருக்கு, பதியாம நடத்தக் கூடாது. லாபத்துல பங்குன்னு சொல்லி நாலு தெரிஞ்சவன்கிட்ட வாங்கினாலும் எல்எல்பி மாதிரி ஒரு கூட்டுக் கம்பெனி பதிஞ்சு, எழுத்துல வெச்சு வாங்குங்க. இல்லாட்டி படம் ஓடலேங்கறத விட மாமனார் பேசறதில்லேங்கறது பெரிய நட்டமாயிரும்.

அரசு மானியம்னு ஒண்ணு இருக்கு, சின்ன பட்ஜெட் தரமான படத்துக்கு 7 லட்சம். விண்ணப்பிங்க, ஆனா அத வரவுல எழுதாதீங்க. வந்தா வரட்டும்.

ஆடிக்காத்து:

@கணக்கு_வழக்கு ரெண்டு தடவ படிச்சேன்ங்க. ரெண்டாவது தடவ நம்ம எடிட்டரையும் பக்கத்துல உக்கார வெச்சுப் படிச்சேன். அவன் ஒண்ணும் பேசல, எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டான்.

@பழைய_ஆபரேட்டர் ஐயா, அந்த அச்சாபீஸ், அரிசி மில்லு விஷயம் எனக்குத் தெரியாது. நெஜமாவே மனசுக்கு கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

பூம்_புடிக்கறவ:

நான் சவுண்டு. சென்னைல ஆறு வருஷம் இருந்துட்டு அம்மாவுக்கு முடியலன்னு திரும்பி வந்தவ. இந்த ஊர்ல லொகேஷன் சவுண்டு எடுக்கத் தெரிஞ்சவங்கள ஒரு கை விரல்ல எண்ணிரலாம், அதனால நீங்க எல்லாரும் யாரோ ஒருத்தர் மூலமா எனக்குத்தான் போன் பண்றீங்க. “அக்கா, ஒரு சின்னப் படம், பட்ஜெட் இல்ல, ஆனா நல்ல கதை.” இந்த வரிய நான் ரிங்டோனாவே வெச்சுக்கலாம்.

ஆடில ஷூட்டுன்னு எல்லாரும் ஓடி வர்றீங்க, முகூர்த்தம் இல்ல, சரி. ஆனா ஆடில இந்த ஊர்ல என்ன இருக்கும்? காத்து! பாலக்காட்டு கணவாய்ல இருந்து நேரா நம்ம மைக்குக்குள்ள வந்து உக்காரும். சூலூர்ப் பக்கம், சோமனூர்ப் பக்கமெல்லாம் தென்னை மட்டை ஆடற சத்தம் ஒரு பக்கம், தறிச் சத்தம் ஒரு பக்கம். மைக்குக்கு முடி வெச்ச கவர் போடணும், நல்ல கவர். அது இல்லாம எடுத்துட்டு வந்து “அக்கா, எடிட்ல எடுத்துரலாம்ல?”னா எடுக்க முடியாது. அப்புறம் டப்பிங், அதுக்கு சென்னை, அதுக்கு ரயில் டிக்கெட்டு, ரூமு. அடுத்து மார்கழின்னு போவீங்க, விடியக்காலம் நாலரைக்கே கோயில் ஸ்பீக்கர் ஆரம்பிச்சுரும். பாட்டு நல்ல பாட்டுதான், உங்க ஹீரோயின் அழுகற சீன்ல வந்தா என்ன பண்றது?

நான் சொல்ல வந்தது இது. பத்து யூனிட் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பத்து யூனிட்டுலயும் கேமரா ஆடாமப் புடிக்கற கிம்பல் இருக்கு, ட்ரோன் இருக்கு, புது லென்ஸ் இருக்கு. ஏன்னா கல்யாணத்துக்கு அது வேணும், மாப்ள வீட்ல கேப்பாங்க. ஒருத்தர்கிட்டயும் உருப்படியா ஒரு ரெக்கார்டரும் ரெண்டு நல்ல மைக்கும் இல்ல. மாப்ள வீட்ல அத யாரும் கேக்கமாட்டாங்க. பத்து பேரு சேர்ந்து ஒரு செட்டு வாங்குங்க, ஒரு ரூம உருப்படியா மிக்ஸிங்குக்கு ரெடி பண்ணுங்க. பஞ்சு வெச்ச ரூம், பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல, நானே சொல்லித் தர்றேன். கடைசி மிக்ஸ் வேணா சென்னைல வெச்சுக்கலாம், நாய வெட்டினதுக்கெல்லாம் ரயில் ஏற வேண்டியதில்லேல்ல.

காசு விஷயம். கம்மியாக் குடுங்க, ஆனா குடுங்க. நாள் கூலி 1,500 குடுத்தாலும் சாயங்காலம் கைல குடுங்க. இல்லேன்னா எவ்வளவு பாக்கின்னு ஒரு சீட்டுல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க, படம் வித்தா மொதல்ல அதான்னு. நட்புக்காக ஒருத்தி ஒரு தடவ வருவா. ரெண்டாவது தடவ அவளுக்கு போன் எடுக்க நேரம் இருக்காது. அது கோவம்னு நெனச்சுக்காதீங்க, வாடகை கட்டணும்ல.

சாப்பாடு நல்லாப் போடுங்க. இதயும் எழுத வேண்டியிருக்கு பாருங்க.

வாளையார்_தாண்டி:

நான் கோயமுத்தூர்க்காரன்தான், வேலை கோழிக்கோட்டுல, அதனால கொஞ்சம் அந்தப் பக்கத்து விஷயம்.

கோழிக்கோட்டுல 1984 வாக்குல ஒடேசான்னு ஒரு கூட்டம் சேர்ந்துச்சு. ஜான் ஆபிரகாம் அதுக்குத் தலை. அதே பேர்ல இருக்கற இந்தி நடிகர் இல்ல, நம்ம தமிழ்ல 1977ல அக்ரஹாரத்தில் கழுதை எடுத்தாரே அந்த டைரக்டர். இவங்க ஊர் ஊராப் போயி சாப்ளின் படத்தப் போட்டுக் காட்டி, பறை அடிச்சு, ஜனங்ககிட்ட ஒரு ரூபா ரெண்டு ரூபான்னு வாங்கிச் சேத்து 1986ல அம்ம அறியான்னு ஒரு படம் முடிச்சாங்க. தயாரிப்பாளரே கெடையாது, ஜனங்கதான். அடுத்த வருஷமே ஜான் செத்துட்டாரு. கூட்டம் அதுக்கப்புறமும் படம் காட்டறது, டாக்குமெண்டரி எடுக்கறதுன்னு கொஞ்ச காலம் ஓட்டுச்சு, ஆனா அந்த அளவுல இன்னொரு கதைப்படம் வரல. எனக்கு இதுல படிக்க வேண்டியது ரெண்டு இருக்குன்னு தோணும். படம் எடுக்கறதுக்கு முன்னாடியே படம் காட்ட ஆரம்பிச்சாங்க பாருங்க, அது சரி. ஒரே மனுஷன் மேல மொத்த பாரத்தையும் வெச்சாங்க, அது தப்பு.

இன்னொண்ணு மாலேகான், மகாராஷ்டிரா. அதுவும் தறி ஊரு, உங்க சோமனூர் மாதிரி. அங்க நாசிர் ஷேக்குன்னு ஒருத்தர் இந்திப் படங்கள கிண்டல் பண்ணி, தறி ஓட்டறவங்களையே நடிக்க வெச்சு 2000 வாக்குல படம் எடுக்க ஆரம்பிச்சாரு. வெள்ளிக்கிழமை தறிக்கு லீவு, அன்னைக்கு ஊரே படம் பாக்கும். அவரால தொடர்ந்து எடுக்க முடிஞ்சதுக்குக் காரணம் கேமரா இல்ல. அவர்கிட்ட சொந்தமா வீடியோ பார்லர், அதாவது காசு வாங்கி வீடியோல படம் போடற எடம் இருந்துச்சு. ஸ்கிரீன் அவரோடது! எடுத்தா நாளைக்கே போடலாம், எவன்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்.

மணிப்பூர்ல இம்பால்லயும் அப்படித்தான், ஆனா வேற மாதிரி. 2000ல அங்க ஒரு ஆயுதக் குழு இந்திப் படமே போடக் கூடாதுன்னுட்டாங்க. தியேட்டர் எல்லாம் காலி. அந்தக் காலி ஸ்கிரீன்ல உள்ளூர்க்காரங்க சின்ன வீடியோ கேமராவுல எடுத்த படத்தப் போட ஆரம்பிச்சாங்க, அப்படியே ஒரு தொழிலா நின்னுச்சு. துப்பாக்கி முனைல வந்த மார்க்கெட்டு, அத யாரும் பொறாமைப்பட வேண்டாம். ஆனா ஸ்கிரீன் காலியா இருந்தா சின்ன ஊருகூட படம் எடுக்கும்ங்கறதுக்கு அது சாட்சி.

நம்ம ஊர்லயே ஒண்ணு நடந்துருக்கு, மறந்துடாதீங்க. அருண் கார்த்திக்கோட நசீர்ங்கற படம் முழுக்க கோயமுத்தூர்ல எடுத்தது, நெதர்லாந்துல ரோட்டர்டாம் திரைப்பட விழால 2020ல விருது வாங்குச்சு, அந்த விழாவோட ஹூபர்ட் பால்ஸ் நிதியும் அதுக்குக் கெடச்சுது. அந்த வழி இருக்கு. ஆனா அது ஒரு டைரக்டருக்கு வழி. பத்து யூனிட்டுக்கும் நெதர்லாந்துல இருந்து காசு வராதுல்ல. அப்புறம் கோணங்கள்னு ஒரு ஃபிலிம் சொசைட்டி இந்த ஊர்ல இருக்கே, போயிருக்கீங்களா? பத்து யூனிட்ல எத்தன பேரு போயிருக்கீங்கன்னு கேக்கறேன்.

சும்மா_படிக்கறவன்:

எல்லாம் சரி. ஒருத்தர்கூட படம் எப்படி இருக்குன்னு கேக்கல, கவனிச்சீங்களா?

நான் சொல்றேன். அந்த ரெண்டாவது நாள் ஒம்பது பேர்ல நானும் ஒருத்தன்.

பல் டாக்டர் மத்தியானம் ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாரு, வெயில்ல எங்க போறதுன்னு உள்ள போனேன், பேருகூடப் பாக்கல. மொத இருபது நிமிஷம் செல்லுதான் நோண்டிட்டு இருந்தேன். அப்புறம் அந்தப் பொண்ணு அறுந்த இழைய எடுத்து ஒரு கையாலயே முடிச்சுப் போட்டு, மிச்சத்தப் பல்லால கடிச்சுத் துப்பிட்டு அடுத்த தறிக்குப் போறா பாருங்க, அதுல ஒரு பேச்சும் கெடையாது, அப்பன் அவளப் பாக்கறான், அவ பாக்கல. எங்கம்மா அப்படித்தான் கடிச்சுத் துப்பும். நான் செல்ல உள்ள வெச்சுட்டேன்.

ஆனா கடைசி அரை மணி நேரம் இழுவை தம்பி. கோர்ட்டு, வக்கீலு, அதெல்லாம் எதுக்கு? சினிமா மாதிரி இருக்கணும்னு வெச்சீங்களா?

வீட்டுக்கு வந்து சோமனூர்ல இருக்கற சித்தப்பா பையனுக்கு போன் பண்ணி, இப்படி ஒரு படம், நம்ம ஊர், நம்ம தறி, போய்ப் பாருன்னேன். அவன் அடுத்த நாள் ரெண்டு வண்டில ஆறு பேரோட வந்திருக்கான், பஸ்ஸுல வந்தா முக்கால் நாள் கூலி போயிரும்னு. தியேட்டர் வாசல்ல வேற படத்தோட போஸ்டரு. என்னத் திட்டினான். அதான் சொல்றேன், 24,000 பேரு வேணும்னு கணக்கு அண்ணன் சொன்னாரு, சரி. ஆறு பேரு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனத யாரும் கணக்குல எழுத மாட்டீங்களா?

தறிக்காரன் படத்த தறிக்காரன் பாக்க காந்திபுரத்துக்கு ஏன் வரணும்? அங்க போய்ப் போடுங்க. ஆடில கேமரா சும்மா கெடக்குதுன்னீங்க. கல்யாண மண்டபமும் ஆடில சும்மாதான் கெடக்குது.

ஆடிக்காத்து:

அண்ணா, இத எழுதறதுக்கு முன்னாடி எனக்கு கொஞ்ச நேரம் ஆச்சுங்க. அந்த பல்லால கடிக்கறது ஸ்கிரிப்ட்ல இல்ல, அந்தப் பொண்ணு நெஜமாவே தறி வீட்டுப் பொண்ணு, அதுவாப் பண்ணுச்சு. கோர்ட்டு சீன் நீங்க சொன்னது கரெக்ட்டு. பயந்துதான் வெச்சோம்.

அந்த ஆறு பேருக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியல.

பழைய_ஆபரேட்டர்:

மண்டபத்துல போடற யோசனைய நான் பிடிச்சுக்கறேன். எங்கப்பன் காலத்துல டென்ட் கொட்டாய், மணல் குமிச்சு உக்காந்து பாப்பாங்க, சாமிக்கண்ணுவும் அப்படித்தான் ஆரம்பிச்சாரு. ஆனா சும்மா ஸ்கிரீன் கட்டி டிக்கெட் கிழிச்சிரலாம்னு நெனைக்காத. ஊர்ல பொதுவாப் படம் காட்டினா ரெண்டு விஷயம் பாப்பாங்க. படத்துக்கு சென்சார் வேணும், உன்கிட்ட இருக்குது, நல்லது. எடத்துக்கு லைசென்ஸ் வேணும், 1955 வருஷத்துச் சட்டம், கலெக்டர் ஆபீஸ்ல கேக்கணும். தீயணைப்பு, கரண்ட்டு, ரெண்டு பக்கம் வாசல், இதெல்லாம் பாப்பாங்க. மொதல்லயே போய்க் கேட்டுரு, எடுத்து முடிச்சுட்டுப் போய் நிக்காத, நாய் கதை மாதிரி ஆயிரும்.

பூம்_புடிக்கறவ:

மண்டபத்துல சத்தம் எதிரொலிக்கும், ஒரு வார்த்தையும் புரியாது. மேல ஷீட்டு, கீழ டைல்ஸ். மூணு பக்கமும் ஜமுக்காளம் தொங்கவிடணும். பந்தல்காரர்கிட்ட ஆடில அதுவும் சும்மாதான் கெடக்கும். ஸ்பீக்கர மைக் செட்காரர்கிட்ட விட்டுறாதீங்க, அவரு கல்யாணப் பாட்டு வெக்கற மாதிரி வெப்பாரு. நான் வர்றேன். 1,500.

கணக்கு_வழக்கு:

50 ரூபா டிக்கெட்டு, 300 நாற்காலி, ஞாயித்துக்கெழம ரெண்டு ஷோ. முழுசா நெறஞ்சா 30,000, பாதி நெறஞ்சா 15,000. மண்டப வாடகை ஆடில பேசினா கொறைப்பாங்க. ஒரு படத்துக்கு இதுல 11 லட்சம் வராது, வரும்னு நான் சொல்லல. ஆனா மாசம் ஒரு ஊரு, பத்து யூனிட்டோட படமும் மாத்தி மாத்திப் போட்டா அடுத்த படத்துக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்னு ஒரு அளவாவது தெரியும். இப்ப நீங்க அளவு தெரியாம துணி வெட்டறீங்க. 11 லட்சத்துல எடுக்காதீங்க, 4 லட்சத்துல எடுங்க, ஆனா கூலிய எழுதி எடுங்க. கோர்ட்டு சீன் இல்லாம.

ரசீது புக்கு யாரு பேர்ல அடிக்கறதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. பத்து பேர்ல ஒருத்தர் பேர்ல அடிச்சா ஆறே மாசத்துல சண்ட வரும்.

வாளையார்_தாண்டி:

சங்கமாப் பதிஞ்சுருங்க. நான் 5,000 போடறேன், பங்கு வேண்டாம். மொத ஷோவுக்கு ரெண்டு சீட்டு போதும்.

ஆடிக்காத்து:

மத்த யூனிட்டுகளுக்குப் போன் போட்டேன்ங்க. பத்துல நாலு பேரு வர்றேன்னாங்க, ரெண்டு பேரு “பாக்கலாம்”ன்னாங்க, ஒருத்தரு அவரோட படத்த மொத மாசமே போட்டா வர்றேன்னாரு. மிச்சப் பேரு எடுக்கல, முகூர்த்த சீசன், மண்டபத்துல இருப்பாங்க.

இன்னைக்கு சாயங்காலம் சோமனூர்ல ஒரு மண்டபம் போய்ப் பாத்துட்டு வந்தோம். ஓனரு தறிக்காரர்தான், அவரோட பேத்தி நம்ம படத்துல கூட்டத்துல ஒரு ஆளா நின்னிருக்குதாம், அது எங்களுக்கே தெரியாது. வாடகை அப்புறம் பேசிக்கலாம்ங்கறாரு. கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கக்கெழம போறோம்.

ஆபரேட்டர் ஐயா, ஒரே ஒரு சந்தேகம்ங்க. மண்டபத்துல மேல வரிசையா 14 வென்டிலேட்டர் இருக்குது, மேக்கால பாத்தாப்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெயில் நேரா ஸ்கிரீன் கட்டற சுவத்துல அடிக்குது. கறுப்புத் துணி கட்டினாப் போதுமா, இல்ல ஷோவ ஏழு மணிக்குத் தள்ளிரலாங்களா?

பழைய_ஆபரேட்டர்:

துணி வேண்டாம், காத்துக்குப் பறக்கும், ஷோ போடறது ஆடி மாசம்டா கண்ணு. அட்டைப் பொட்டியப் பிரிச்சு ஆணி அடி. நான் ஞாயித்துக்கெழம காலைல வந்து அளந்து பாக்கறேன், ஏணி மட்டும் ஒண்ணு கேட்டு வை.